சட்டியில் இருந்தால்தான் சத்தத்தில் வரும்

மாமாவின் காரில் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1960களில் சென்னையில் தயாரானது. மாமாவும் ஏறத்தாழ அந்தக் காலத்துத் தயாரிப்புதான். இரண்டு பேரும் காலையில் பத்து நிமிடம் இருமிவிட்டுத்தான் ஓடத் தொடங்குவார்கள். ஓட்டை விழுந்த நாளிலிருந்து கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிடலாம். எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் இந்த இலவச அறிவிப்புச் சேவை பிடிக்கவில்லை.

வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் காருக்கு அடியில் மல்லாக்க நீந்திப் போய், ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

“சவுண்டு எப்படி சார் வேணும்?”

“அடக்கமா இருக்கணும். ஆனா ஒரு கம்பீரமும் இருக்கணும்,” என்றார் மாமா. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோது தரகரிடம் சொன்ன அதே வாசகம்.

எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது. அதை மாட்டப்போகிறவர் எப்படிப்பட்ட சத்தம் வேண்டும் என்று கேட்பது, மொட்டையடிக்க உட்கார்ந்தவனிடம் வகிடு இடதா வலதா என்று கேட்பதைப் போல இருந்தது. ஆனால் மெக்கானிக்கின் மேல் குற்றமில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது. அதில் மெஷின் கன் செய்தவர் உண்டு, கோர்ட் கேஸ் உண்டு, வெந்துபோன கால்கள் உண்டு, ஆப்பிள் தின்று இளைத்த முதலாளி உண்டு. அமைதி மட்டும் எங்கு தேடினாலும் கிடையாது.

பெயரிலேயே ஆரம்பித்துவிடலாம். இத்தாலிக்காரன் சைலன்சரை ‘மார்மிட்டா’ என்பான். சமையல் பானைக்கும் அங்கே அதே பெயர். பிரெஞ்சுக்காரனுக்கு அது ‘போ’; அதுவும் பானை. ஜெர்மானியன் ‘டோப்ஃப்’ என்கிறான், சட்டி. அமெரிக்கன் ‘மஃப்ளர்’ என்கிறான்; மார்கழி மாதம் நம் பெரியவர்கள் காதையும் கழுத்தையும் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்களே, அதே மஃப்ளர். இங்கிலாந்துக்காரன் சட்டப் புத்தகத்தில் ‘சைலன்சர்’ என்று கௌரவமாக எழுதிவிட்டு, பட்டறைக்குப் போனதும் ‘கேன்’ என்கிறான்; டப்பா. சட்டி என்று சொன்னவர்கள் யாரும் அதிலிருந்து மௌனத்தை எதிர்பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தின் பெயரை அப்படியே நம்பி வாங்கிக்கொண்டவர்கள் நாம்தான்.

வண்டிக்காரனுக்கும் தூங்குகிறவனுக்கும் நடக்கும் சண்டை எஞ்சினைவிடப் பழையது. கி.மு. 45-ஐ ஒட்டி ரோமில் ஜூலியஸ் சீசர் ஒரு சட்டம் போட்டார்: பகல் பொழுதில் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் நகருக்குள் வரக் கூடாது. நல்ல எண்ணம்தான். விளைவு, அத்தனை வண்டியும் ராத்திரி வந்தது. கல் பாவிய தெருவில் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் விடிய விடிய உருண்டது. பிற்பாடு வந்த ஜுவெனல் என்ற கவிஞர், இந்த ஊரில் நோயாளிகள் சாவது தூக்கம் கெட்டுத்தான் என்று பாட்டிலேயே திட்டித் தீர்த்தார். சத்தத்தை அடக்கப் போட்ட சட்டம் சத்தத்துக்குச் சேவகம் செய்த முதல் சம்பவம் இதுவாக இருக்கலாம். கடைசிச் சம்பவம் இல்லை.

எஞ்சின் வந்ததும் சண்டைக்குக் கொழுப்பு கூடியது. பிரஷர் குக்கர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெயிட்டைப் படாரென்று பிடுங்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதுதான் ஆகிறது. நான்கு சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் போகும்போது இப்படி விநாடிக்கு 100 முறை வெயிட்டைப் பிடுங்குகிறார்கள். ஒவ்வொரு பிடுங்கலும் ஒரு வெடி. வெடிகள் நெருங்கி வரும்போது காது அவற்றை எண்ண முடியாமல் கைவிட்டு, ஒரே சுருதியாகக் கேட்கத் தொடங்குகிறது. அந்தச் சுருதியை இசை என்று சொல்பவர் காருக்கு உள்ளே இருப்பார்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் ரீவ்ஸ் சகோதரர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். கப்பி செய்து விற்கும் தொழில். 1896-ல் ஒரு மோட்டார் வண்டியைக் கட்டித் தெருவில் விட்டார்கள். குதிரைகளுக்கு அது பிடிக்கவில்லை. குதிரைக்குப் பிடிக்காதது குதிரைக்காரனுக்கும் பிடிக்கவில்லை. எனவே அண்ணன் தம்பி சேர்ந்து, எக்ஸாஸ்ட் புகை நேராக வெளியே பாயாமல் அறைகளுக்குள் சுற்றி இளைப்பாறிவிட்டு வரும்படி ஒரு டப்பாவைச் செய்து, 1897-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். நாலு சுவருக்குள் கத்தவிட்டுப் பிறகு வெளியே அனுப்புவது. கூட்டுக் குடும்பங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில்நுட்பம்தான்.

சகோதரர்களில் ஒருவரான மில்டன் ரீவ்ஸ் அடக்கத்தை அந்த டப்பாவோடு நிறுத்திக்கொண்டார். 1911-ல் எட்டுச் சக்கரம் வைத்த ஒரு காரைச் செய்து, முதலாவது இண்டியானாபோலிஸ் 500 பந்தயம் நடந்த இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். பூரானுக்கு சீட் போட்ட மாதிரி இருந்தது. யாரும் வாங்கவில்லை. அடுத்த வருடம் இரண்டு சக்கரத்தைக் குறைத்து ஆறாக்கினார். அதற்கும் கூட்டமில்லை. உலகம் முழுக்க இன்று ஓடும் டப்பாவை விட்டுவிட்டு மனிதர் சக்கரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த கதை அப்பா பிள்ளைக் கதை. அப்பா சர் ஹைரம் மாக்சிம். நிமிடத்துக்கு 600 குண்டு வரை துப்பும் மாக்சிம் மெஷின் கன்னைச் செய்தவர். துப்பாக்கியை ஓயாமல் சோதித்துச் சோதித்துக் காது மந்தமாகிப் போனவர். பிள்ளை ஹைரம் பெர்சி மாக்சிம் என்ன செய்தார்? துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடித்தார். 1909-ல் காப்புரிமை. அப்பாவின் தொழிலைப் பிள்ளை இவ்வளவு நாகரிகமாகக் குறை சொல்லி வரலாற்றில் பார்த்ததில்லை. அதே தத்துவத்தைப் பிற்பாடு எஞ்சின் எக்ஸாஸ்டுக்கும் கொண்டுபோனது அந்தக் கம்பெனி. ஆக, கார் சைலன்சரும் துப்பாக்கி சைலன்சரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டுமே நடந்ததை நடக்காத மாதிரி காட்டுவதற்காகப் பிறந்தவை.

ஆனால் ஓட்டுநர்கள் விடுவார்களா? டப்பா எஞ்சினின் மூச்சைப் பிடிக்கிறது, குதிரைத்திறனைத் தின்கிறது என்று புகார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உடனே ‘கட்-அவுட்’ வந்தது. (நம் ஊர்க் கட்-அவுட்டும் வேறு, இதுவும் வேறு; இரண்டும் ஊரைக் கூட்டும் என்பது மட்டும் பொது.) காலடியில் ஒரு மிதி. மிதித்தால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு கதவு திறந்து, புகை சைலன்சருக்குள் போகாமல் குறுக்கு வழியில் வெளியேறும். மலை ஏறும்போது மட்டும் மிதிப்பதற்காக என்று விற்றார்கள். பெண்கள் கல்லூரி வாசலெல்லாம் திடீரென்று மலையாகிவிட்டது. ஊருக்கு ஊர் தடை போட வேண்டி வந்தது.

இனி வருவது கதையின் இருதய ஸ்தானம். இங்கிலாந்து, சர்ரே மாவட்டம், வேபிரிட்ஜ்.

1905-ல் ஹியூ லாக் கிங் என்ற பணக்கார நிலக்கிழார், மனைவி எத்தலுடன் இத்தாலியின் பிரெஷாவுக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனார். நம்ம ஊர்க் கார் ஒன்றையும் காணோமே என்று அவருக்கு வருத்தம். காரணம் எளிது. பிரிட்டனில் சாலையில் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் போனால் போலீஸ். அந்த வேகத்தில் பழகியவன் பந்தயத்துக்கு எங்கே போவான்? ஊருக்குத் திரும்பிய லாக் கிங் தன் சொந்த நிலத்திலேயே பந்தயப் பாதை போடத் தீர்மானித்தார். சுற்றளவு 4.4 கிலோமீட்டர், முழுக்க கான்கிரீட், வளைவுகளில் கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரத்துக்குச் சாய்வுச் சுவர். செலவு 1,50,000 பவுண்டு. பாதி வேலையிலேயே அவர் உடம்பும் பர்ஸும் படுத்துக்கொண்டன. எத்தல் அம்மையார்தான் முன்னால் நின்று முடித்தார். 1907 ஜூன் 17 திறப்பு விழா ஊர்வலத்தில் முதல் காரை ஓட்டிப் போனதும் அவர்தான். புருஷன் ஆசைப்பட, பெண்டாட்டி கட்டி முடிக்க, புரூக்லண்ட்ஸ் பிறந்தது. உலகத்திலேயே கார் ஓட்டுவதற்கென்று திட்டமிட்டுக் கட்டிய முதல் பந்தயப் பாதை.

கார்ப் பந்தயம் எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியாததால் குதிரைப் பந்தய விதிகளை அப்படியே எடுத்து வைத்தார்கள். ஓட்டுநர்கள் ஜாக்கிகளைப் போலக் கலர் கலராகப் பட்டுச் சட்டை போட்டார்கள். கார் நிற்கும் இடத்துக்கு லாயத்து மொழியில் ‘பேடக்’ என்று பெயர். இன்றைய ஃபார்முலா 1 வரை அந்தப் பெயர்தான். எந்தக் கார் எத்தனை விநாடி தாமதமாகக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடியசைத்தவர் எபிள்வைட் என்பவர். அவருடைய சொந்தத் தொழில் இசைக்கருவி வியாபாரம். கடையில் புல்லாங்குழல், கிரவுண்டில் எக்ஸாஸ்ட் குழல். மனிதர் எந்தக் காதால் எதைக் கேட்டாரோ.

பாதை திறந்து பதினோரு நாள்கூட முழுசாக முடியவில்லை. எஸ்.எஃப். எட்ஜ் என்ற ஆஸ்திரேலியாவில் பிறந்த கார் வியாபாரி வந்து சேர்ந்தார். நேப்பியர் கார்களை விற்பவர். விளம்பரம் என்றால் உயிர். ‘நான் 24 மணி நேரம் விடாமல் இந்த வட்டத்தைச் சுற்றப்போகிறேன்’ என்றார். மனித உடம்பு தாங்காது என்று பலர் பயமுறுத்தினார்கள். ஜூன் 28 மாலை கிளம்பினார். ராத்திரி வழி தெரிய முந்நூறுக்கு மேற்பட்ட சிவப்பு விளக்குகளைப் பாதையோரம் வைத்தார்கள். கூடத் துணைக்கு இன்னும் இரண்டு நேப்பியர்கள். மறுநாள் மாலை நிறுத்தும்போது எட்ஜ் 2,544 கிலோமீட்டர் ஓடியிருந்தார். சராசரி வேகம் மணிக்கு 106 கிலோமீட்டர். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

சுற்று வட்டார வேபிரிட்ஜ் சீமான்கள் சிரிக்கவில்லை. லண்டன் இரைச்சலுக்குத் தப்பித்து, ரோஜாத் தோட்டம் போட்டு, அமைதியை விலைக்கு வாங்கிக் குடியேறியவர்கள். அமைதிக்குக் கொடுத்த பணம் விடிய விடிய மூன்று கார்களின் புகைக்குழாய் வழியே போனதைக் கேட்டபடி முழித்துக் கிடந்தார்கள். பொழுது விடிந்ததும் புகார் போனது. இனி ராத்திரியில் ஓட்டக் கூடாது என்று முடிவானது. ஒரே ஒரு ராத்திரிதான். புரூக்லண்ட்ஸின் இரவு வாழ்க்கை அதோடு சரி.

இந்த இரவுத் தடையின் உச்சகட்டத்தைப் பார்க்க 1929 வரை காத்திருக்க வேண்டும். பிரான்ஸில் 1923 முதல் லே மான்ஸ் ஊரில் 24 மணி நேரப் பந்தயம் அமர்க்களமாக நடக்கிறது. இங்கிலாந்துக்கும் ஒன்று வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே? கூடிப் பேசி, பிரிட்டிஷ் மூளை ஒரு வழி கண்டது. காலை 8 மணிக்குப் பந்தயம் ஆரம்பம். இரவு 8 மணிக்கு நிறுத்து. கார்களை யாரும் தொடாதபடி பூட்டி வை. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. மறுநாள் காலை 8 மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கு. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நாலு. பெயர் ‘டபுள் ட்வெல்வ்’. லே மான்ஸ் வீரன் நள்ளிரவில் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு போகும் நேரத்தில், இவர்கள் பைஜாமா போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். ஆபீஸ் நேரத்துக்கு நடந்த வீர சாகசம்.

பகல் சத்தம்? அது தனி ஆவர்த்தனம். 1921-ல் கவுன்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற இளம் கோடீஸ்வரர் ஒரு பழைய மெர்சிடிஸ் காரின் அடிச்சட்டத்தில், மேபாக் கம்பெனியின் 23 லிட்டர் விமான எஞ்சினைத் தூக்கி வைத்துக் கொண்டுவந்தார். மாமாவின் ஹெரால்டு எஞ்சினைப் போல இருபது எஞ்சின். அதற்கு ‘சிட்டி பேங் பேங்’ என்று பெயர். எஞ்சின் போட்ட சத்தம்தான் பெயரானது என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் விரசமான பாட்டிலிருந்து வந்தது என்பது பெரியவர்களுக்கான பதிப்பு. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங் 1964-ல் ஏறத்தாழ அந்தப் பெயரில் குழந்தைகள் புத்தகம் எழுதியபோது முதல் பதிப்பைத்தான் எடுத்துக்கொண்டார் என்று நம்புவோம்.

இப்படி விமான எஞ்சின்கள் வந்து குரைக்கத் தொடங்கியதும் 1920களின் நடுவில் குடியிருப்போர் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கின் முடிவில் புரூக்லண்ட்ஸில் ஓடும் வண்டி ஒவ்வொன்றும் சைலன்சர் மாட்ட வேண்டும் என்ற விதி வந்தது. பெரிய உருளை டப்பா. அதன் முடிவில் குழாய் தட்டையாக விரிந்து மீன் வாலைப் போல இருக்கும். பெயர் ‘புரூக்லண்ட்ஸ் கேன்’. ஒல்லியான பந்தயக் காரின் விலாவில் அந்த டப்பாவைப் பார்த்தால், ஓட்டப்பந்தய வீரன் இடுப்பில் குடத்தோடு நிற்பதைப் போல இருக்கும். வாய்ப்பூட்டு போட்டாயிற்று என்று ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

சீசர் சட்டம் நினைவிருக்கிறதா?

அந்த டப்பா ஃபேஷன் ஆகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை லண்டன் இளைஞன் ஒருவன், பாவம், சின்னக் கார் வைத்திருக்கிறான். உண்மையான பந்தயக் காரை எப்படி அடையாளம் காண்கிறான்? விலாவில் டப்பா, பின்னால் மீன் வால். அவ்வளவுதான், நமக்கும் ஒன்று மாட்டு! கோர்ட் மாட்டச் சொன்னது கைவிலங்கு. இவன் அதைக் காப்பு என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கினான். கார்க் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்டின் செவனின் ‘அல்ஸ்டர்’ மாடலும் எம்.ஜி.யின் பந்தய மாடல்களும் மீன் வாலோடுதான் மினுக்கின. மோட்டார் சைக்கிளில் வெலோசெட் கம்பெனிக்கு மீன் வால் சைலன்சரே முத்திரையாகிவிட்டது. இன்றைக்கும் பழைய கார்ப் பிரியர்கள் புத்தம் புதிதாக அதைச் செய்து வாங்கி மாட்டுகிறார்கள். வேபிரிட்ஜ் பெரியவர் ஒருவர் தூங்க ஆசைப்பட்டதால் பிறந்த தகரம், நூறு வருடம் கழித்து ‘என்ன ஒரு நாதம்!’ என்று கண்ணை மூடி ரசிக்கப்படுகிறது.

சர் ஹென்றி ‘டிம்’ பர்க்கின் என்ற வீரர் 1932-ல் தன் சிவப்பு பென்ட்லியில் மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் புரூக்லண்ட்ஸைச் சுற்றிச் சாதனை செய்தார். சூப்பர்சார்ஜர் மாட்டிய நாலரை லிட்டர் அரக்கன். அதன் விலாவிலும் டப்பா. புரூக்லண்ட்ஸைக் கண்டால் அவருக்கு ஆகாது, வெளிப்படையாகவே திட்டுவார். இருந்தும் சாதனை அங்கேதான் செய்தார். மாமனார் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை சாதம் வாங்கும் மாப்பிள்ளை ரகம்.

எக்ஸாஸ்ட் குழாய் காதை மட்டும் பதம் பார்த்தது என்று நினைக்க வேண்டாம். 1926 ஆகஸ்டில் முதலாவது பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ புரூக்லண்ட்ஸில் நடந்தது. பிரான்ஸின் டெலாஜ் கார்கள் ஒன்றரை லிட்டரில் எட்டு சிலிண்டர் வைத்த அற்புதங்கள். ஒரே ஒரு சின்னப் பிழை: எக்ஸாஸ்ட் குழாய் ஓட்டுநரின் கால் பக்கமாகப் போனது. கொஞ்ச நேரம் ஓட்டினால் பெடல் தோசைக்கல்லாகிவிடும். ஓட்டுநர்கள் பந்தயத்தின் நடுவில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் கால் வைத்து நின்றார்கள். ஒருவர் கால் ஆறும்வரை அடுத்தவர் ஓட்டுவார். தீமிதித் திருவிழாவில் பூக்குழியைத் தாண்டிப் பாலில் கால் வைப்பார்களே, அதே காட்சி, பக்திதான் குறைவு. இவ்வளவுக்கும் ஜெயித்தது டெலாஜ்தான். செனெஷால், வாக்னர் என்ற இருவர் மாறி மாறி வெந்து கோப்பையை வாங்கினார்கள். அடுத்த வருடம் எஞ்சினியர் அல்பர்ட் லோரி குழாயை மறு பக்கத்துக்கு மாற்றினார். டெலாஜ் அந்த 1927-ல் போன முக்கியப் பந்தயமெல்லாம் ஜெயித்தது. குழாயை மாற்ற ஒரு வருடம் ஏன் ஆனது என்று கேட்டால், வரைபடம் போடுகிறவர் கால் சுடுவதில்லை என்பதுதான் பதில்.

வேபிரிட்ஜ்வாசிகளின் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1935 அக்டோபரில் ஜான் காப் என்பவர் 24 லிட்டர் நேப்பியர்-ரெயில்டனில் மணிக்கு 230 கிலோமீட்டர் தொட்டு, யாரும் முறியடிக்காத சாதனை வைத்தார். அடுத்த மாதமே அதே இடத்திலிருந்து ஹாக்கர் ஹரிகேன் என்ற போர் விமானம் முதன்முறையாக மேலே கிளம்பியது. 1939-ல் போர் வந்ததும் பந்தயம் நின்றது. திரும்ப நடக்கவே இல்லை. 1946-ல் இடத்தை விக்கர்ஸ் விமானக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அப்பாடா, கார்கள் ஒழிந்தன! பிற்காலத்தில் அங்கேதான் கான்கார்டு விமானத்தின் பாகங்கள் பலவும் தயாராயின. உலகத்தில் இதைவிடச் சத்தமான பயணி விமானத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சைலன்சர் கேட்டு கோர்ட் ஏறிய ஊர், ஒலியை மிஞ்சும் விமானத்துக்கு வால் செய்து கொடுத்தது. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. காப் ஓட்டிய நேப்பியர்-ரெயில்டன் அங்கே இருக்கிறது. கான்கார்டும் நிற்கிறது. பழைய எஞ்சின்களை முடுக்கிக் காட்டும் நாட்களில் கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேட்க வருகிறது. தாத்தா நஷ்டஈடு கேட்ட சத்தத்துக்குப் பேரன் நுழைவுக் கட்டணம் கட்டுகிறான்.

டப்பாவிலிருந்து பணம் கறக்க முடியும் என்பதை முழுசாகப் புரிந்துகொண்டவர் ஒரு வியன்னாக்காரர். கார்ல் அபார்த். 1908 நவம்பரில் விருச்சிக ராசியில் பிறந்ததால் தேளையே கம்பெனிச் சின்னமாக வைத்தார். ஜாதகத்தை லோகோவாக்கிய முதலாளி. 1934-ல் பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்தவர். 1949-ல் இத்தாலியில் கம்பெனி ஆரம்பித்தார். பந்தயக் கார் செய்வது பெருமைக்கு. சோறு போட்டது சைலன்சர். 1957-ல் வந்த ஃபியட் 500-க்கு 479 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். பதின்மூன்று! தையல் மெஷினுக்குக் கூரை போட்ட மாதிரி வண்டி. அபார்த் அதற்குக் கறுப்புச் சட்டியும் பளபளக்கும் குரோம் குழாய்களும் கொடுத்தார். குதிரை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் இருக்கிற பதின்மூன்று குதிரையும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசின. கண்ணை மூடிக்கொண்டால் பந்தயக் கார். கண்ணைத் திறந்தால் முன்னால் போகும் லாரிக்காரன் வழிவிடாமல் சிரித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் உலகமெங்கும் விற்றது. அபார்த் தானே சாதனை ஓட்டம் ஓட 1965-ல் காருக்குள் நுழைய முடியாமல், ஆப்பிள் தின்று 30 கிலோ இளைத்தார் என்பது உபகதை. காரின் எடையைக் குறைக்கும் வழிகளில் அதுதான் மலிவு.

சட்டிக்குள் என்னதான் இருக்கிறது? இரண்டு பள்ளிக்கூடம். ஒன்றில் உள்ளே தடுப்புத் தகடுகள். சத்த அலை முட்டி, திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதிக் களைத்து வெளியே வரும். மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தவன் கதை. இன்னொன்றில் நேர்க் குழாய். உடம்பெல்லாம் துளை போட்டு, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். கிறீச்சென்ற மேல் சுருதியைப் பஞ்சு குடித்துவிடும். அடி வயிற்றுச் சுருதி மட்டும் வெளியே வரும். அதுதான் ‘கம்பீரம்’. குழாயின் நீளத்தை மாற்றினால் சுருதி மாறும், விட்டத்தை மாற்றினால் குரல் கட்டும் அல்லது திறக்கும். நாகஸ்வரத்துக்கும் இதே இலக்கணம்தான். எஞ்சினின் தாளமும் சேர வேண்டும். அமெரிக்க வி-8 எஞ்சின் மொத்தத்தில் சீராகத்தான் வெடிக்கிறது. ஆனால் இடப்பக்க நான்கும் வலப்பக்க நான்கும் தனித்தனியே ஒழுங்கில்லாமல் வெடிப்பதால் அந்தக் குடகுடப்பு. ஃபெராரி வி-8-ல் கிராங்க் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் மாறி மாறி ஒழுங்காக வெடிப்பதால் அலறல். ஒன்று சதா வெற்றிலை போட்டுக்கொண்டு பேசும் பெரியப்பா, மற்றது சண்டைக்கு வரும் அத்தை.

சத்தத்துக்குச் சுருதி சேர்ப்பதில் மற்ற கம்பெனிகள் சும்மா இருந்தனவா? 1989-ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி எம்.எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் குரல் வர வேண்டும் என்று எஞ்சினியர்கள் குழாயைச் சுருதி சேர்த்தார்கள். எண்ணெய் ஒழுகாத பிரிட்டிஷ் கார் என்ற அதிசயம் அப்படித்தான் பிறந்தது. கடைசியில் மின்சாரக் கார் வந்தது. எஞ்சின் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. ஜுவெனல் முதல் வேபிரிட்ஜ் வரை கேட்ட வரம் கிடைத்துவிட்டது. உடனே ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலையிலிருந்து சட்டம் போட்டது: புதிய மாடல் மின்சாரக் கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும். நடப்பவனுக்குக் கார் வருவது தெரியவில்லையாம். நியாயம்தான். 2022-ல் அமெரிக்க டாட்ஜ் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரக் காருக்கு எக்ஸாஸ்ட் என்று ஒன்றைச் செய்து உறும வைத்துக் காட்டியது. அடுப்பே இல்லாத வீட்டில் பானை கொதிக்கிறது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பழைய சட்டியை அறுத்து, தகட்டை மாற்றி, வால் குழாயை ஒரு சாண் நீட்டினார். மாமா ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடி, ஆலாபனை கேட்பவரைப் போலத் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் ஏதோ குறை.

“உள்ள உட்கார்ந்தா ஒண்ணும் பெருசா கேக்கலையேப்பா?”

“குழாய் பின்னாடிதானே சார் இருக்கு,” என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே. “ஓட்டுறவருக்குக் கால்வாசிதான் வரும். மிச்சமெல்லாம் தெருவுக்கு.”

மாமாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காசு கொடுத்துக் கச்சேரி வைத்தவருக்கு மேடைக்குப் பின்னால் நாற்காலி. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிச் சாவியைக் கொடுத்தார். நான் தெருமுனைவரை போய்த் திரும்பி வர வேண்டும். அவர் வாசலில் நின்று கேட்பார். போனேன். இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டு திரும்பி வந்தேன். தெருவில் மூன்று நாய் எழுந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி கேட்டுக்கு வெளியே நின்றார்.

“எப்படி இருக்கு மாமா?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். எதிர்வீட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். “ஆனா, ஏண்டா, மனுஷன் தூங்குற நேரத்துல இப்படியா மிதிச்சுக்கிட்டு வருவே?”